உன் கை வலிக்காமல் இருக்கட்டும்

நஸ்ருல்லா தன் மனைவியை முதன்முதலாக 'நீங்க' என்று அழைத்த காலையில், இஷ்ரத் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

அவன் தரை விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் சமோவாரிலிருந்து தேநீர் பிடித்து, குவளையை அவன் முன்னால் வைத்து, சர்க்கரைக் கட்டிக் கிண்ணத்தையும் நகர்த்தினாள். அவன் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தான்.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும், ஹானும்."

அவர்கள் ஊரான கான்ஸாரில் எதையாவது கையில் வாங்கினால் நன்றிக்கு இதைத்தான் சொல்வார்கள். கொடுத்தவர் பதிலுக்கு, உங்க தலை வலிக்காம இருக்கட்டும் என்பார். ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் இந்தக் கையும் தலையும் நாள் முழுக்க வாய்க்கு வாய் மாறிக்கொண்டே இருக்கும். யாரும் அர்த்தத்தை நினைத்துச் சொல்வதில்லை. நஸ்ருல்லாவும் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்லி வந்தவன்தான். ஆனால் அது 'உன் கை வலிக்காம இருக்கட்டும்'. அதையும் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வான். ஊரில் மற்றப் பெண்கள் எல்லோரும் அவனுக்கு மரியாதையாக ஹானும். அவள் மட்டும் 'ஏ பொண்ணே'.

அதனால் அவளும் அந்நிய ஆண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற 'ஆகா'வைச் சேர்த்துக் குரலை இழுத்து, "உங்க தலை வலிக்காம இருக்கட்டும், ஆகா" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தான். எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். "ரொம்ப நேரம் உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன். உத்தரவு வாங்கிக்கறேன், வீட்ல காத்துட்டிருப்பா" என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினான்.

"யாரு காத்துட்டிருப்பா?"

"என் வீட்டுக்காரி. கொஞ்சம் வாய்க்காரி. நேரத்துக்குப் போகலன்னா திட்டுவா."

இஷ்ரத்தின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

அவன் மறக்கத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் சாவி எங்கே என்பது போனது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போனது. பிறகு கான்ஸாருக்கும் கோல்பாயகானுக்கும் நடுவே அவன் வாழ்நாள் எல்லாம் மினிபஸ் ஓட்டிய சாலையில் எந்த நிறுத்தத்துக்குப் பின் எந்த நிறுத்தம் என்பது போனது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவனுக்கு ஞாபகம் இல்லாததை அவள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போயிற்று என்று இருந்தாள். ஆனால் 'நீ' என்பதை அவனுக்குப் பதிலாக அவள் எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

அவளை 'நீ' என்று அழைக்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. அம்மா இறந்துவிட்டாள், அக்காவும் இறந்துவிட்டாள். சிறு வயதில் அவளோடு வேலை செய்த தோழிகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். குழந்தை பிறக்கவில்லை. மிச்சம் இருந்தது நஸ்ருல்லாவின் அக்கா ஸித்தீகா ஒருத்திதான். அவள் கல்யாணத்தன்று ஆரம்பித்த 'நீங்க'வை இன்றுவரை விடவில்லை. ஸித்தீகாவின் 'நீங்க' மரியாதைக்காக அல்ல, எட்டி நில் என்பதற்காக.

இஷ்ரத் பதினாறு வயதில் கஸ் மிட்டாய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவள். மலையடிவாரத்தில் இருந்த அவள் ஊரிலிருந்து காலையில் மினிபஸ் பிடித்து வருவாள். மாலையில் தலைமுடியிலும் புருவத்திலும் மாவு ஒட்டியபடி அதே மினிபஸ்ஸில் திரும்புவாள். ஓட்டுநர் நஸ்ருல்லா ஏறுகிறவர்களிடமெல்லாம், "எங்கே இறங்கணும், ஹானும்?" என்று தேன் ஒழுகக் கேட்பான். ஒரு நாள் அவள் கொதிக்கிற பாகில் கையைச் சுட்டுக்கொண்டு, துணியில் சுற்றி மறைத்தபடி ஏறினாள். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். பயணிகள் எல்லோரும் பார்க்க, "ஏ பொண்ணே, கண்ணு எங்கே போச்சு உனக்கு?" என்று திட்டிக்கொண்டே கட்டுப் போட்டான். வலிக்குதா என்று கேட்டதற்கு அவள் இல்லை என்றாள். பொய் சொல்லாதே என்றான். அதுதான் முதல் 'நீ'. அடுத்த வசந்தத்தில் கல்யாணம் ஆயிற்று.

அந்த 'நீ' இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்றது.

வாசலில் நின்று வழி மறிக்கக் கூடாது என்று அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். மறித்தால் பயந்து தள்ளிவிட்டு ஓடுவான். விருந்தாளியை எப்படி நிறுத்துவார்களோ அப்படித்தான் நிறுத்த வேண்டும். "இருங்க ஆகா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்பாள். வேண்டாம், சிரமப்படாதீங்க என்பான். மறுபடி சொல்வாள். இல்லை ஹானும், இன்னொரு நாள் என்பான். மூன்றாவது தடவை, என் மேல ஆணை, ஒரே ஒரு வாய் என்றால், இனிமேல் மறுப்பது மரியாதை இல்லை என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பெயர்களும் முகங்களும் அவனைவிட்டுப் போன பிறகும் இந்த உபசார முறை மட்டும் உதிரவே இல்லை. இரண்டு தடவை மறுத்து மூன்றாவதில் ஒப்புக்கொள்வது எலும்பில் ஊறியிருந்தது. இப்படி ஒரு நாளைக்குப் பல தரம் தன் புருஷனை வீட்டுக்கு வந்த அந்நியனாக உபசரித்து உட்கார வைத்தாள். அவனும் உட்கார்ந்து தன் வீட்டுக்காரியைப் பற்றி அவளிடமே பேசினான். நல்லவள்தான், கொஞ்சம் பிடிவாதம் என்பான். இஷ்ரத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இஸ்ஃபஹானில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், போனதைத் திருப்பிக் கொண்டுவராது என்றார். இஷ்ரத் மாத்திரையைத் தவறாமல் கொடுத்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியது போனதில் ஒரே ஒரு வார்த்தை. அதற்கு அவரிடம் மருந்து இல்லை என்று தெரிந்ததும் கடைத்தெருவில் இருந்த கமாலுத்தீனின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

கமாலுத்தீன் தொந்தியும் கேலிப் பேச்சுமாக இருக்கும் ஆள். ஹஜ்ஜுக்குப் போகாத பெண்களையும் ஹாஜி ஹானும் என்றுதான் கூப்பிடுவான். போகாததற்கு இதுவாவது கிடைக்கட்டும் என்பான். அவள் சொன்னதைக் கேட்டு அவன் கேலியை விட்டுவிட்டான்.

"மூளையில குளிர்ச்சியும் ஈரமும் ஏறிப்போச்சு, ஹாஜி ஹானும். ஈரச் சுவத்துல எழுதினா எழுத்து நிக்குமா? முதல்ல சுவத்தைக் காய வைக்கணும்."

ஊதாநிறக் கதிர்களாக இருந்த உஸ்துகுத்தூஸ் பூவை ஒரு காகிதத்தில் கொட்டினான். மூளைத் துடைப்பம் என்று அதற்குப் பெயர். அதைக் கொதிக்க வைத்துத் தேன் கலந்து கொடுக்க வேண்டும். ராத்திரி குந்துருக்கப் பிசினை ஊற வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். விதையோடு காய்ந்த கறுப்புத் திராட்சை, வாதுமை, இஞ்சி, பட்டை, ஒரு சிட்டிகை குங்குமப்பூ எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். மனசு கலங்கினால் மாட்டுநாக்குப் பூவில் காய்ந்த எலுமிச்சை போட்டுத் தேநீர் கொடுக்கலாம். குளிர்ச்சியானது எதுவும் கூடாது. தயிர் கூடாது, மோர் கூடவே கூடாது.

துடைப்பம் பெருக்கும்போது குப்பையோடு நல்லதும் போய்விடாதா என்று அவள் கேட்டாள். கமாலுத்தீன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை என்றான்.

அன்றோடு அவள் வீட்டில் மோர் நின்றது. நஸ்ருல்லா மோர்ப் பைத்தியம். புதினாத் தூள் தூவிய மோர்க் கூஜா சாப்பாட்டு விரிப்பில் எப்போதும் அவன் இடது கைப் பக்கம் இருக்கும். விருந்தாளி வாயைத் திறந்து கேட்க முடியுமா? அவன் கேட்கவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இடது கை மட்டும் தானாகப் போய்க் கூஜா இருந்த இடத்தைத் தடவிவிட்டு வெறுமையாகத் திரும்பும். இஷ்ரத் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

கோடைக்காலம் முழுக்க வீட்டில் பூவும் பிசினும் கொதித்தன. நஸ்ருல்லா முன்பைவிட நன்றாகத் தூங்கினான், முகம் தெளிந்தது, பேச்சும் தடுமாறவில்லை. பேசியதெல்லாம் 'நீங்க'.

அந்தச் சமயத்தில்தான் ஸித்தீகா பேரீச்சம்பழத்தோடு பார்க்க வந்தாள். நஸ்ருல்லா துள்ளி எழுந்தான். உங்க காலடி என் கண்ணு மேல என்றான். அறையில் பெரியவர்களுக்கான இடத்தில் உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை வைத்தான். குடும்பத்தில் எல்லோரும் சுகமா, உங்க நிழல் எங்களை விட்டுக் குறையாம இருக்கட்டும் என்று நிறுத்தாமல் பேசினான். ஸித்தீகாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தம்பி இவ்வளவு மரியாதையாகத் தன்னிடம் பேசியதே கிடையாது என்றாள். மருந்து வேலை செய்கிறது, தம்பிக்கு எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த ஊரில் வேறு யார் வந்திருந்தாலும் இதைத்தான் நம்பியிருப்பார்கள். இவ்வளவு அழகாக உபசாரம் சொல்கிற மனிதனுக்கு மூளையில் என்ன குறை இருக்க முடியும்?

"அவர் உங்களை யாருன்னு தெரிஞ்சு பேசல, ஸித்தீகா ஹானும்" என்றாள் இஷ்ரத் சமையலறையில், மெதுவாக.

"தெரியாமத்தான் தலையணை வச்சானா?"

"தெரியாததுனாலதான் வச்சார்."

ஸித்தீகா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க தம்பி குணமாறது உங்களுக்குப் பிடிக்கல போலிருக்கே. நல்லது. இத்தனை வருஷமா தயிரும் மோருமா ஊட்டி அவன் மூளையைக் குளிர வச்சதும் நீங்கதான். உங்க வயித்துல குளிர்ச்சி, குழந்தை தங்கல. அதைச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு நான் எப்பவும் சொன்னதில்ல."

சொன்னதில்லை என்பதை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். இஷ்ரத் பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கினாள். ஆனால் மோர்க் கூஜா மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. கூஜாவை ஒவ்வொரு நாளும் நிரப்பியது அவள் கைதானே.

அடுத்த தடவை மருந்துக் கடைக்குப் போனபோது, இருப்பதிலேயே ரொம்பச் சூடான மருந்து எது என்று கேட்டாள். கமாலுத்தீன் வாயாடி. சேராங்கொட்டை என்று சொல்லிவிட்டான். ஹிந்துஸ்தானத்திலிருந்து வருவது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் ஞாபகசக்திக்காகச் சாப்பிட்டார்களாம். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் நசுக்கினால் உள்ளே இருந்து கறுப்பாகத் தேன் மாதிரி வடியும், அதை வாதுமையோடு சேர்த்து உருட்டுவார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"ஹாஜி ஹானும், அது துடைப்பம் இல்ல. நெருப்பு. வீட்டைப் பெருக்கறதுக்குப் பதிலா கொளுத்திட்டு உட்கார்ந்தவங்க நிறையப் பேர். தோல் உரியும், குடல் வேகும், புத்தி பேதலிச்சுத் துணி இல்லாமத் தெருவுல ஓடினவனும் உண்டு. என் கடையில அது கிடையாது. இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அவள் சரி என்றாள். மறு வாரம் நஸ்ருல்லாவை ஸித்தீகாவிடம் விட்டுவிட்டு, டாக்டரிடம் போவதாகச் சொல்லி இஸ்ஃபஹானுக்குப் பேருந்து ஏறினாள். வழியெல்லாம் மலைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஓட்டுநர் ஒரு இளைஞன். எங்கே இறங்கணும் என்று யாரையும் அவன் கேட்கவில்லை.

பெரிய கடைவீதியில் தெரியாத ஒரு மருந்துக் கடையில் போய்ச் சேராங்கொட்டை கேட்டாள். எதற்கு என்று கடைக்காரர் கேட்பார் என்று அவள் யோசிக்கவே இல்லை. கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரருக்கு மூலம், புகை காட்ட வேண்டும் என்றாள். கடைக்காரர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"ரொம்ப நாளாவா?"

"ரொம்ப நாளா."

"உட்கார முடியுதா?"

"மினிபஸ் ஓட்டுநர்" என்றாள் இஷ்ரத்.

அவர் ஆழ்ந்த அனுதாபத்தோடு தலையசைத்தார். கத்தரிக்காய் சேர்க்கக் கூடாது, காரம் கூடாது என்று நிறையச் சொன்னார். கடைசியில், கையுறை இல்லாமல் தொடாதீங்க, வாயில படவே கூடாது என்று எச்சரித்துப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவள், உங்க கை வலிக்காம இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் மத்தியானம் அடுப்பில் இடுக்கியைக் காய வைத்தாள். நஸ்ருல்லா சமையலறை வாசலில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சமையல் என்று கேட்கவில்லை. கொட்டை கெட்டியாக இருந்தது. அழுத்தியபோது சீறிக்கொண்டு கறுப்பாக எண்ணெய் வந்தது. பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி அவள் வலது புறங்கையிலும் மணிக்கட்டிலும் வழிந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். கறை போகவில்லை, ஆனால் பெரிதாக எரியவும் இல்லை. இவ்வளவுதானா நெருப்பு என்று நினைத்தாள். வாதுமையை இடித்து, தேன் விட்டு, அந்தக் கறுப்பில் கொஞ்சமே கொஞ்சம் கலந்தாள். கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க, ஆகா."

"ஐயோ, வேண்டாம் ஹானும். வயிறு நிறைஞ்சிருக்கு."

காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"எனக்காகக் கொஞ்சம்."

"சிரமப்படாதீங்க. உங்களைப் பாத்ததே விருந்து."

அவன் கண் கரண்டியின் மேல் இருந்தது. பசித்திருந்தான். மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தான். முதுகை நேராக்கி, கையை முழங்காலிலிருந்து லேசாக எடுத்துத் தயாராகவே வைத்திருந்தான்.

இஷ்ரத் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டால் வாங்கிக்கொள்வான். கசந்தாலும் எரிந்தாலும் விழுங்குவான். அந்நியர் வீட்டில் முகம் சுளிக்க மாட்டான். தொண்டை வெந்துகொண்டிருக்கும்போதும் நெஞ்சில் கை வைத்து, உங்க கை வலிக்காம இருக்கட்டும் என்பான். பழைய நஸ்ருல்லாவாக இருந்தால் முகர்ந்து பார்த்து, 'ஏ பொண்ணே, என்னைக் கொல்லப் பாக்கறியா?' என்று தட்டைத் தள்ளியிருப்பான். தள்ளத் தெரிந்தவனைத் திரும்ப அழைக்கத்தான் இந்த மருந்து. ஆனால் இதைச் சாப்பிடப் போகிறவன் தள்ளத் தெரியாதவன்.

அவள் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் முகத்தில் ஒரு கணம் குழப்பம் வந்தது. விருந்தாளியை இரண்டு தடவையோடு விட்டுவிடுகிற வீட்டை அவன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டான். காட்டிக்கொள்ளாமல் சுவரைப் பார்த்தான். அவள் கிண்ணம், கரண்டி, மிச்சக் கொட்டை எல்லாவற்றையும் பையில் சுற்றித் தோட்டத்தின் மூலையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து மூன்று தடவை உபசரித்தாள்.

மறுநாள் கை அரித்தது. அதற்கு மறுநாள் காலையில் புறங்கை முழுக்கக் கொப்புளமாக எழும்பி, மணிக்கட்டு வரை வீங்கிச் சிவந்திருந்தது. விரலை மடக்க முடியவில்லை. இடது கையால் தேநீர் பிடித்து, வலது கையை முக்காட்டுத் துணியில் மறைத்தபடி குவளையை வைத்தாள். அவன் உபசாரம் சொல்லத் தலையைச் சாய்த்தவன், பாதியில் நிறுத்தினான். துணியை விலக்கி அவள் முழங்கையைப் பிடித்துக் கையை வெளிச்சத்துக்கு இழுத்தான்.

"ஏ பொண்ணே. என்ன பண்ணி வச்சிருக்கே? கண்ணு எங்கே போச்சு உனக்கு?"

இஷ்ரத் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே. அன்னிக்கும் இப்படித்தான் இல்ல இல்லன்னே. பாகுல கைய விட்டுட்டு வந்து... இரு. அசையாதே. பெட்டியை எடுத்துட்டு வரேன்."

எழுந்து வேகமாக வெளியே போனான். முதலுதவிப் பெட்டி மினிபஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கும். மினிபஸ்ஸை விற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவள் அசையவில்லை. அசையாதே என்று அவன் சொல்லியிருக்கிறான். முற்றத்தில் அவன் காலடிச் சத்தம் அங்கும் இங்கும் போனது. தெருக்கதவு திறந்து மூடியது. பிறகு சத்தம் மெதுவாயிற்று. வாசலில் வந்து நின்றபோது அவன் முகம் சங்கடத்தில் இருந்தது.

"மன்னிக்கணும், ஹானும். இங்கே ஒரு மினிபஸ் நின்னுட்டிருந்தது. நீங்க பாத்தீங்களா?"

மருத்துவமனையில் இஷ்ரத்துக்கு ஊசி போட்டு, களிம்பு தடவிக் கையில் கட்டுப் போட்டார்கள். கமாலுத்தீன் கட்டைப் பார்த்த உடனே புரிந்துகொண்டான். கல்லாவை விட்டு எழுந்து வந்து தணிந்த குரலில் கேட்டான்.

"அவருக்குக் குடுக்கல, இல்ல?"

"ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது கேக்கல."

அவன் தலையாட்டிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினான். மாட்டுநாக்குப் பூவை ஒரு பொட்டலம் கட்டி அவள் பையில் போட்டான். இது அவருக்கு இல்லை, உங்களுக்கு என்றான்.

கட்டுப் போட்ட கையை நஸ்ருல்லா ஒவ்வொரு காலையிலும் புதிதாகப் பார்த்தான். பல நாள், "உங்க கைக்கு என்ன ஆச்சு, ஹானும்? கடவுள் கெட்டதைக் காட்டாம இருக்கட்டும்" என்பான். ஆனால் இடையிடையே ஒரு நாள், எப்போது என்று சொல்ல முடியாதபடி, முகம் மாறும். "ஏ பொண்ணே, வலிக்குதா?" என்பான். அவள் இல்லை என்பாள். பொய் சொல்லாதே என்பான். அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த நாட்களில் அவள் வீட்டு வேலையைச் சத்தமில்லாமல் செய்வாள், கலைந்துவிடப் போகிறது என்பது போல.

புண் ஆறியது. உரிந்த தோலுக்குக் கீழே புதுத் தோல் வந்தது. கறுப்பாக ஒரு தழும்பு மட்டும் தங்கியது. இஷ்ரத் கட்டுப் போடுவதை விடவில்லை. காலையில் எழுந்ததும் சமோவாரை மூட்டுவதற்கு முன்னால், சுத்தமான துணியை எடுத்துப் பல்லால் கடித்து இழுத்து, ஆறிவிட்ட அந்தக் கையிலேயே கட்டுப் போட்டுக்கொள்வாள். யாரையும் ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஸித்தீகா ஒரு வெள்ளிக்கிழமை வந்து, இன்னும் ஆறவில்லையா என்று கேட்டாள். உடம்பில் குளிர்ச்சி அதிகமானால் புண் ஆறாது, நீங்கள் மோரை விட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். இஷ்ரத் அன்று மாலையே கடைக்குப் போய்த் தயிர் வாங்கிக் கடைந்தாள். ஒரு வருத்தமும் இல்லாமல் கடைந்தாள். புதினாத் தூள் தூவிக் கூஜாவை அதன் இடத்தில் வைத்தாள். நஸ்ருல்லாவின் இடது கை போய்த் தடவியது, இந்தத் தடவை வெறுமையாகத் திரும்பவில்லை.

மலையில் முதல் பனி விழுந்த ஒரு பகல். அவள் விரிப்பில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். நஸ்ருல்லா அவள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "காட்டு" என்றான். அவள் கையை நீட்டினாள். முடிச்சை நிதானமாக அவிழ்த்தான். சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். கடைசிச் சுற்றும் வந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் தழும்பைத் தடவினான்.

"ஆறிப்போச்சே, பொண்ணே. எதுக்குக் கட்டி வச்சிருக்கே?"

அவள் அந்த விரல்களை மடக்கி விரித்தாள்.

"காத்துப் படட்டும். இனிமே கட்டாதே" என்றான். துணியை நான்காக மடித்தான். பயணிகள் விட்டுப்போகிற பொருளைப் பத்திரப்படுத்துவதுபோலச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டான்.

அவள் அந்தக் கையாலேயே ரொட்டியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். வெளியே வாதுமை மரக் கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது. நஸ்ருல்லா ஜன்னலைப் பார்த்தான், அறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"பனி அதிகமாறதுக்குள்ள நான் கிளம்பறேன், ஹானும். வீட்ல காத்துட்டிருப்பா."

"இருங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

"வேண்டாம், உங்களுக்குச் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல."

"இன்னொரு நாள் வரேன்."

"என் மேல ஆணை."

அவன் உட்கார்ந்தான். அவள் கூஜாவைச் சாய்த்துக் குவளையை நிரப்பித் தழும்பு விழுந்த கையால் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும்."

"உன் தலை வலிக்காம இருக்கட்டும்" என்றாள் இஷ்ரத்.

முன்பின் தெரியாத ஒரு பெண் தன்னை 'நீ' என்றதில் நஸ்ருல்லா திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான். பிறகு, கேட்காததுபோல இருந்துவிடுவதுதான் மரியாதை என்று, குவளையை வாய்க்குக் கொண்டுபோனான்.